தாய் கட்டித் தரும் கட்டுச்சோறு

பிரயாணம் புறப்படும் பிள்ளைக்கு வழியில் பசிக்குமே என்று கட்டுச்சோறு கட்டித் தருவது நம் தாய்மாரின் வழக்கம். அதைப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே, தான் அறியாமலே, ஒவ்வொரு தாயும் செய்துவிடுகிறாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. தான் பட்ட நோய்களாலும் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளாலும் இரத்தத்தில் சேர்ந்த எதிர்ப்பொருள்களை, கர்ப்பத்தின் நான்காம் மாதம் தொட்டுச் சிறுகச் சிறுகவும், கடைசி வாரங்களில் அள்ளி அள்ளியும் அவள் சிசுவுக்கு அனுப்புகிறாள்.

இருவர் இரத்தமும் கலப்பதில்லை. நடுவே நிற்கும் நஞ்சுக்கொடியின் மெல்லிய படலம் தாயின் இரத்த நீரில் ஒரு நுண்துளியை விழுங்க, புளிப்பேறிய அந்தக் குமிழுக்குள் காத்திருக்கும் ஏற்பி, 'ஐஜிஜி' என்னும் வகை எதிர்ப்பொருளை மட்டும் பற்றிக்கொண்டு போய், புளிப்பு நீங்கிய மறுகரையில், சிசுவின் பக்கம் இறக்கிவிடுகிறது. இப்படியோர் ஓடக்காரன் இருந்தாகவேண்டும் என்று, வேல்ஸ் நாட்டுப் பாங்கர் நகரில் விலங்கியல் ஆராய்ந்த பிராம்பெல் 1950களிலேயே ஊகித்தார்.

எச்.ஐ.வி. கிருமி தாயைப் பற்றினால் இந்த ஓடத்துறை கலைகிறது. கிருமியின் ஓயாத தூண்டுதலால் அவளுடல் எதிர்ப்பொருள்களை வகைதொகையின்றிப் பெருக்க, ஓடங்களில் இடமோ அளவாக இருக்க, குழந்தைக்கு மிகவும் வேண்டியவை கூட்டத்தில் சிக்கிக் கரையிலேயே நின்றுவிடுகின்றன. போதாக்குறைக்கு, அவற்றின் இருப்பும் தாயிடம் குறைந்துபோகிறது.

தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனை ஒட்டிய காயெலிட்சாவில் நடந்து 2011இல் வெளியான ஆராய்ச்சியில், இத்தகைய தாய்மாருக்குத் தொற்றே இல்லாமல் பிறந்த குழந்தைகளிடமும் கக்குவான், ரணஜன்னி, நிமோகாக்கஸ் ஆகியவற்றுக்கு எதிரான பொருள்கள் பிறக்கும்போதே குறைந்திருந்தன. 'குழந்தைக்குத் தொற்றில்லை' என்ற சொல்லைக் கேட்டு அந்தத் தாய் விட்டிருக்கக்கூடிய நிம்மதிப் பெருமூச்சை நினைத்துப் பார்க்கிறேன். அவள் மடியிலிருந்த மூட்டையில் பாதி வழிக்குத்தான் சோறு இருந்தது.

நம் நாட்டில் தட்டம்மைத் தடுப்பூசியை ஒன்பது மாதம் நிறைந்தபின் போடுவதற்கு, அதுவரை தாய் தந்த எதிர்ப்பொருள் காக்கும் என்பதோடு, அதுவே ஊசி மருந்தின் வேலையைத் தடுக்கும் என்பதும் காரணம். இக்குழந்தைகளுக்கோ அத்தனை மாதம் காத்திருப்பது அபாயம். ஆகையால், தொற்றுள்ள தாய்க்குப் பிறந்தவற்றுக்கு ஆறாம் மாதத்திலேயே கூடுதலாக ஒரு தவணை போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காயெலிட்சாவின் அக்குழந்தைகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசிகள் போட்டு, நான்காம் மாத அளவில் மறுபடி சோதித்தபோது, கக்குவானுக்கு எதிராக அவை தாமே உண்டாக்கிக்கொண்ட எதிர்ப்பொருள் மற்றக் குழந்தைகளுடையதை விட மிகுந்திருந்தது.