லாரியின் செல்ஃப் ஒயர்: மாற்றும்போது நாம் கவனிக்க வேண்டியவை



நம்மில் பலர் கடைக்கென்று ஒரு லாரியோ மினி லாரியோ சொந்தத்தில் ஓட்டி வருகிறோம். டீசல், டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும் நாம், பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரைப் பற்றி நினைப்பதே இல்லை. செல்ஃப் எடுக்காமல் வண்டி நிற்கும் அன்றுதான் அதன் ஞாபகம் வருகிறது. அன்றும் அவசரத்தில் கிடைத்த ஒயரைப் போட்டு வண்டியைக் கிளப்பி விடுகிறோம். அந்த அவசரத்தின் பலனை நாம் பட்டே தெரிந்துகொண்டோம்.

சில வருடங்களுக்கு முன், விருதுநகரிலிருந்து பருப்பும் வற்றலும் ஏற்றி வந்த நமது வண்டி இரவில் கோட்டாற்றில் வந்து நின்றது. காலையில்தான் லோடு இறக்க வேண்டும். நடுச்சாமத்தில் ரப்பர் கருகும் வாடை வந்து, கேபினில் படுத்திருந்த கிளீனர் விழித்துக்கொண்டார். அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நல்ல வேளையாக பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் கட் ஆஃப் சுவிட்ச் இருந்தது. அதை அணைத்ததால் வண்டியும் சரக்கும் தப்பின. நாம் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது டிரைவர், “அண்ணாச்சி, வண்டி ஆஃப்லதான் நின்னுது, சாவி என் பையிலதான் இருக்கு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். இரண்டு வாரம் முன்பு மாற்றிய செல்ஃப் ஒயர் சேஸிஸ் ஓட்டையின் விளிம்பில் உரசி, மேலுறை தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டிருக்கிறது.

சாவியை அணைத்தாலும் இந்த ஒயர் அணையாது என்பது அன்றுதான் நமக்குப் புரிந்தது.

இந்த ஒயர் ஏன் தனி?

விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றுக்கும் ஃபியூஸ் உண்டு. செல்ஃப் ஒயருக்குப் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது. இன்ஜினைச் சுற்றும் அந்தச் சில விநாடிகளில் பல நூறு ஆம்பியர் மின்சாரம் அதில் பாய வேண்டியிருப்பதே காரணம். கட் ஆஃப் சுவிட்ச் அணைக்கப்படாத வரை, செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை எந்நேரமும் மின்சாரம் காத்து நிற்கிறது. பாடியில் பட்டால் தடுக்க எதுவும் இல்லை. ஒயர் சிவக்கக் காய்ந்து, பக்கத்தில் உள்ள டீசல் குழாயையும் பற்ற வைத்துவிடும்.

இணைப்பு தளர்ந்திருந்தாலும் ஆபத்துதான். ஓர் இணைப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 300 ஆம்பியர் பாயும்போது அங்கே 3 வோல்ட் வீணாகி, 900 வாட் சூடு பிறக்கிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு ஒரே நட்டில்! செல்ஃப் மெதுவாகச் சுற்றும்; நாமோ பேட்டரி போய்விட்டது என்று புதுப் பேட்டரி வாங்குவோம்.

ஒயர் வாங்கும்போது

மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. ஒயரையும் அப்படியே பார்க்க வேண்டும். மேலுறை தடிப்பாக இருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. உள்ளே எவ்வளவு செம்பு என்பதே கணக்கு. பழைய ஒயரின் அளவுக்குக் குறையாமல், வண்டிக் கம்பெனி சொல்லும் சதுர மில்லிமீட்டர் அளவில் வாங்க வேண்டும். நீளம் கூடினால் தடிப்பும் கூட வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயரும் சந்தையில் உண்டு. ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். செம்பைவிட அலுமினியத்துக்குத் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல். முனையிலுள்ள லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல், அதற்கான கருவியால் அழுத்தி வாங்குவதே முறை.

மாற்றும் முறை

வேலையை எலக்ட்ரீஷியன்தான் செய்வார். ஆனாலும் உரிமையாளர் வரிசை தெரிந்து பக்கத்தில் நிற்பது நல்லது.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பி.எஸ். 6 வண்டியானால் சாவியை அணைத்தவுடன் பேட்டரியைக் கழற்றக்கூடாது. யூரியா பம்பு தன் வேலையை முடிக்க, வண்டிப் புத்தகத்தில் சொன்ன நேரம் பொறுக்க வேண்டும்.

2. மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும்.

3. முதலில் கழற்ற வேண்டியது பாடிக்குப் போகும் எர்த் ஒயர், அதாவது மைனஸ். கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுவே. காரணம் எளிது. எர்த் மாட்டியிருக்கையில் பிளஸ் நட்டைத் திருகினால், ஸ்பேனர் பாடியில் பட்ட மாத்திரத்தில் ஷார்ட் ஆகும். எர்த்தை முதலில் கழற்றிவிட்டால், அதன்பின் பாடியில் பட்டாலும் மின்சாரத்துக்குத் திரும்பும் வழி இல்லை. 24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். நடுவிலுள்ள இணைப்பு ஒயரை எர்த் என்று நினைத்துவிடக் கூடாது.

4. செல்ஃப் பக்கம், போல்ட்டின் முகத்தைச் சுத்தம் செய்து, லக் நேராக அதன்மேல் உட்கார வேண்டும். இடையில் வாஷர் கூடாது. வாஷர் லக்கின் மேல்தான் வர வேண்டும். உள் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு வெளி நட்டை முறுக்க வேண்டும். பலம் காட்டினால் சொலினாய்டின் மூடி உடையும். முடிந்ததும் ரப்பர் தொப்பி போட்டு மூட வேண்டும்.

5. சேஸிஸ் ஓட்டையில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். சைலன்ஸரை விட்டுத் தள்ளியே ஒயர் போக வேண்டும். டீசல் குழாயோடும் பிரேக் குழாயோடும் சேர்த்துக் கட்டக்கூடாது. இன்ஜின் அசையும் அளவுக்குச் சற்றுத் தளர்வு விட்டு, மற்ற இடங்களில் கிளிப் போட்டு இறுக்க வேண்டும்.

6. பிளஸ், மைனஸ் மாறிவிடாமல் ஒரு முறைக்கு இரு முறை பார்த்து மாட்ட வேண்டும். மாறினால் ஆல்டர்னேட்டர் நொடியில் போய்விடும்.

மாற்றிய பின்

செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்கக்கூடாது. வண்டி ஸ்டார்ட் ஆனதும் இன்ஜினை அணைத்துவிட்டு இணைப்புகளில் கை வைத்துப் பார்க்கலாம். சூடாக இருந்தால் அந்த இணைப்பு சரியில்லை. ஒரு வாரம் ஓடியபின் நட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையையும் மறக்கலாகாது. அது அறுந்திருந்தால் புது ஒயர் போட்டும் பயனில்லை.

நமது மாவட்டத்துக்கென்று ஒரு வார்த்தை. இங்கே தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் மழை தருகின்றன, போதாததற்குக் கடற்காற்று. குளச்சல், சின்னமுட்டம் பக்கம் மீன் லோடு அடிக்கும் வண்டிகளில் உப்புத் தண்ணீரும் சொட்டும். டெர்மினலில் பூக்கும் பச்சையும் வெள்ளையுமான பொடியை, எர்த்தைக் கழற்றிய பிறகு, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, இறுக மாட்டி, மேலே வேஸ்லின் தடவ வேண்டும். சோடா நீர் பேட்டரிக்குள் இறங்கிவிடக் கூடாது. மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

கட் ஆஃப் சுவிட்ச் இல்லாத வண்டிக்கு ஒன்று பொருத்துங்கள். லோடோடு இரவு நிற்கும்போது அதை அணைக்க டிரைவருக்குச் சொல்லி வையுங்கள். நல்ல ஒயருக்கும் நல்ல லக்குக்கும் ஆகும் செலவு ஒரு மூட்டைப் பருப்பின் விலைகூட இராது. அதில் மிச்சம் பிடிக்கப் போய் வண்டியையும் லோடையும், கேபினில் தூங்கும் பிள்ளையையும் பணயம் வைப்பது வியாபாரம் ஆகாது.