இரவு வெப்பம் தின்னும் நெல்!

செங்கற்பட்டுக்குத் தெற்கே இருக்கிறது கருங்குழி. அதை அடுத்து மதுராந்தகம் ஏரி. ஏரி நிறைந்தால் வயலும் நிறையும். இது உழவர்களின் நம்பிக்கை.

ஆனால், ஏரி நிறைந்திருந்தும் நெல் குறையலாம்! உரம் போட்டிருந்தும், பூச்சி இல்லாதிருந்தும் குறையலாம்! அந்த நெல்லைத் திருடுவது யார்?

வெப்பம்!

இதை நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர், டாக்டர் எம்.எஸ்.சுவாமிநாதன். கும்பகோணத்தில் 1925-ல் பிறந்தவர். "பசுமைப் புரட்சியின் தந்தை" என்று புகழப்பட்டவர்.

நான்கு மூட்டை நஷ்டம்

1979-ல் ஜெனீவா நகரில் முதல் உலகப் பருவநிலை மாநாடு கூடியது. அங்கே உணவு உற்பத்தியைப் பற்றிப் பேசியவர் சுவாமிநாதன். பருவநிலை மாறுகிறது என்ற பேச்சு நம் ஊர்களில் எழாத காலம் அது.

1991-ல் அவரும் விஞ்ஞானி எஸ்.கே.சின்காவும் ஒரு கணக்குப் போட்டார்கள். வெப்பம் 2 டிகிரி கூடினால், நன்றாக விளையும் வயல்களில் ஹெக்டேருக்கு 750 கிலோ நெல் குறையும் என்றார்கள்.

75 கிலோ மூட்டையாக எண்ணிப் பாருங்கள். ஹெக்டேருக்குப் பத்து மூட்டை! ஏக்கருக்கு நான்கு மூட்டை! ஒரு குடும்பத்தின் பல மாதச் சாப்பாடு அது.

இரவில் நடப்பது என்ன?

பகலில் பயிர் வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. இரவில் மூச்சு விடும்போது அந்த உணவில் ஒரு பகுதி செலவாகிறது. இரவு புழுக்கமாக இருந்தால் செலவு கூடும். அப்போது மணிக்குப் போய்ச் சேருவது குறையும்.

பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதை அளந்து பார்த்தது. 1982 முதல் 1988 வரை சுவாமிநாதன் தலைமை வகித்த நிலையம் அது. கோடைப் பட்டத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று 2004-ல் தெரிவித்தது.

கடற்கரையில் ஒலிபெருக்கி

அறிவு ஆராய்ச்சிக் கூடத்தோடு நின்றுவிடக் கூடாது என்பது சுவாமிநாதனின் கொள்கை. 1988-ல் அவர் சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அமைத்தார். அந்த நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் நிலையங்களைத் திறந்தது. வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகே மீனவர்கள் கடலுக்குப் போனார்கள்.

ஊருக்கு இருவர்

சுவாமிநாதன் இன்னொரு யோசனையும் சொன்னார். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் பருவநிலை பற்றிப் பயிற்சி தர வேண்டும். மழை தவறினால் எதை விதைப்பது, வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று அவர்கள் ஊராருக்குச் சொல்ல வேண்டும்.

2023 செப்டம்பர் 28-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு 'பாரத ரத்னா' விருது அறிவிக்கப்பட்டது.

விருது அவருக்குப் பெருமை. ஊருக்கு இருவர் கிடைத்தால், அது நமக்கு நெல்!