என்மேல் துயரம் இருக்கிறது

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் கெல்ட்டிய மொழிகள் என்றொரு மொழிக்குழு உண்டு. அயர்லாந்தின் ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், வேல்சு நாட்டின் வெல்ஷ், மான் தீவின் மாங்க்ஸ் ஆகியவை அதைச் சேர்ந்தவை. நமக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு அருகிலேயே வாழ்ந்தும், இவை பேசும் முறையே வேறு.

துக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஐரிஷ் பேசுவோர் 'தா ப்ரோன் ஒரம்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'துயரம் என்மேல் இருக்கிறது' என்று வரும். பசி, தாகம், வெட்கம், மகிழ்ச்சி எல்லாமே அப்படி மனிதர்மேல் வந்து அமர்பவைதான். தெரியாமல் ஒருவர் காலை மிதித்துவிட்டாலும் மன்னிப்புக்கு இதே வாக்கியம்தான்! நாமும் 'நான் பசியாக இருக்கிறேன்' என்னாமல் 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம் அன்றோ? தமிழுக்கும் ஐரிஷுக்கும் உறவு கிடையாது. ஆயினும் இந்த இடத்தில் இரண்டும் ஒரே விதமாக நினைக்கின்றன.

சாவு வீட்டில், 'உங்கள் துன்பம் எனக்கு நன்றாயில்லை' என்னும் பொருள்படச் சொல்லிக் கைகொடுப்பார்கள். அனுதாபத்துக்குரிய சொல் 'கோவ்ரோன்'. 'உடன்துயரம்' என்று நாம் அதைத் தமிழாக்கலாம். நீண்ட இரங்கற்பாக்களைவிட இந்த ஒரு சொல் மேல் என்று நமக்குத் தோன்றுகிறது.

வெல்ஷ் மொழியில் 'ஹிரைத்' என்றொரு சொல் உண்டு. பிரிந்த ஊருக்காகவும், மறைந்தவர்களுக்காகவும், திரும்பி வராத காலத்துக்காகவும் மனம் தவிப்பது அது. நம் 'ஏக்கம்' அதற்கு அருகில் வரும். அதுவும் ஒருவர்மேல்தான் இருக்கும், ஜலதோஷத்தைப் போலவே!

ஐரிஷில் வணக்கமே ஒரு செபம். ஒருவர் 'கடவுள் உமக்கு' என்றால், மற்றவர் 'கடவுளும் மரியாளும் உமக்கு' என்று பதில் சொல்வார்.

இத்தனை அழகிய மொழிகளைப் பேசியதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் அடிபட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 19 ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பல பள்ளிகளில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டார்கள். ஐரிஷ் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுகளை எண்ணித் தண்டனை. ஆங்கிலம் வந்தால்தான் பிழைப்பு என்று எண்ணிய பெற்றோரும் இதற்கு உடன்பட்டனர் என்பதே வேதனை. 1845 இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து லட்சம் பேர் கப்பலேறினர். அவர்களுள் ஐரிஷ் பேசிய ஏழைகள் மிகப் பலர்.

மான் தீவின் மாங்க்ஸைத் தாய்மொழியாகக் கொண்ட கடைசி மனிதர், நெட் மாட்ரல் என்ற மீனவர், 1974 இல் இறந்தார். ஆனால் ஆர்வலர் சிலர் அதற்கு முன்பே முதியவர்களிடம் அம்மொழியைக் கற்று, அவர்கள் குரலையும் பதிவு செய்து வைத்திருந்தனர். 2001 இல் மாங்க்ஸ் வழியிலேயே பாடம் சொல்லித்தரும் தொடக்கப் பள்ளி ஒன்று அங்கே தோன்றியது. 2009 இல் யுனெஸ்கோ நிறுவனம் மாங்க்ஸை அழிந்த மொழிகளின் வரிசையில் சேர்த்தது. உடனே அப்பள்ளிப் பிள்ளைகள் யுனெஸ்கோவுக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் மொழி அழிந்துவிட்டதென்றால், இக்கடிதத்தை நாங்கள் எந்த மொழியில் எழுதியிருக்கிறோம் என்று கேட்டார்கள். கடிதம் இருந்தது மாங்க்ஸில். யுனெஸ்கோ தன் பட்டியலைத் திருத்திக்கொண்டது.