உயர்திணை

ஆண், பெண் என்னும் வரம்பினுள் அடங்காதாரைத் தொல்காப்பியனார் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே உயர்திணையில் வைத்து, வினைமுடிபும் அத்திணைக்குரியதே எனக் காட்டினார். இலக்கணம் பயிலும் நாம் இதனை அறிவோம். எனினும், வெள்ளகோவிற் சந்தையில் ஒரு திருநங்கையைக் கண்டவுடன் 'அது வருகிறது' என்பார் எத்துணையர்! இதனை வெறும் வழுவென்று நகைத்து விடுதற்கில்லை. மக்களினத்தினின்று ஒருவரை விலக்குங் கொடுமை அது.

ஒருவரையொருவர் காதலித்த மகளிர் இருவர், பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சி, மதுரையினின்று சென்னைக்குப் போந்தனர். காவலர் தொல்லையினின்று காக்குமாறு அவர்கள் தொடுத்த வழக்கை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் விசாரித்தார்கள். இப்பொருளில் தமக்கு அறிவு போதாதென வெளிப்படையாகக் கூறி, உளநூல் வல்லார் ஒருவரிடம் பாடங்கேட்ட பின்னரே, 2021 ஜூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார்கள். இவ்வியல்பை நோயெனக் கொண்டு மாற்ற முயலும் மருத்துவத்தையும் அது தடுத்தது. இத்தகையோரை மதிப்புடன் குறிக்குஞ் சொற்றொகுதியொன்றும் அவ்வழக்கின் பயனாக 2022இல் அரசிதழில் வெளியாயிற்று. நீதிபதியே மாணாக்கராயினார், மாணாக்கராகிய நமக்குத் தடை யாது?

தோழர் ஒருவர் தம் இயல்பை நம்மிடம் நம்பி உரைப்பாராயின், அதனைப் பிறர்க்குரைக்கும் உரிமை நமக்கின்று. விடுதியில் ஏளனம் எழுங்கால் வாளாவிருத்தலும் அதற்கு உடன்படுதலே. சொல்லுக்கோ நாம் அலைய வேண்டுவதில்லை. கொங்குநாட்டார் பெண்டிரை 'அம்மணி' என விளிப்பர். பேருந்தில் அருகமரும் திருநங்கையையும் அவ்வாறே விளிக்கலாம். முதன்முறை நா சற்றே தயங்கும்.