ஒலியும் திரையும் – 9: பின்வரிசைக்காரர்கள்

சென்ற வாரம் ‘மான்டரே பாப்’ கச்சேரிப் படத்தின் முடிவில் வரும் சிதார் கலைஞர் ரவிசங்கர் பகுதியைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு நாட்றாம்பாளையத்துத் தம்பி ஒருவர் போன் செய்தார். ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் முடிந்து அஞ்செட்டி வழியாக ஊருக்குப் போகிற பஸ்ஸில் செல்போனிலேயே படம் பார்த்து முடிப்பவர். “வெள்ளைக்காரங்க கச்சேரிப் படத்துல நம்ம மாதிரி ஆளுங்கள சும்மா கலருக்குத்தான் காட்டுறாங்களாண்ணா?” என்றார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர். கேட்கத்தான் செய்வார்.

பீட்டில்ஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் முன்னின்று நடத்திய ‘கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்’ படத்திலிருந்து பதிலைத் தொடங்குகிறேன். 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள். சால் ஸ்விம்மர் இயக்கிய படம் மறு ஆண்டு வெளிவந்தது. 1970 புயலிலும் அடுத்து வந்த போரிலும் நிலைகுலைந்த கிழக்கு வங்க மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஹாரிசனிடம் கேட்டவர் ரவிசங்கர்.

படத்தில் முதல் பகுதியே இந்தியர்களுடையது. ரவிசங்கரின் சிதார், அலி அக்பர் கானின் சரோத், அல்லா ரக்காவின் தபலா, பின்னால் கமலா சக்ரவர்த்தியின் தம்புரா. இது கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டிய இசை என்று ஹாரிசனே கூட்டத்தை அமைதிப்படுத்துகிறார். வாசிக்கும்போது புகைக்க வேண்டாம் என்கிறார் ரவிசங்கர். சுருதி சேர்த்ததற்கே அரங்கம் கைதட்டிவிட, சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று அவர் சிரித்துக்கொண்டே அடித்த கிண்டல் ஊரறிந்த கதை. பிறகு ஏறக்குறைய கால் மணி நேரம் ‘பங்ளா துன்’. அதில் சரோத் வாசித்த அலி அக்பர் கான் பிறந்ததே அந்தக் கிழக்கு வங்க மண்ணில்தான். இதைக் கலருக்குக் காட்டியது என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அவர்கள் எழுந்து போன பிறகுதான் ராக் குழு மேடைக்கு வருகிறது. இரு தரப்பும் ஒரு பாட்டில்கூடச் சேர்ந்து வாசிக்கவில்லை.

அந்த ராக் மேடையும் வெள்ளையர்கள் மட்டும் நின்ற மேடையல்ல. கறுப்பினக் கலைஞர் பில்லி பிரஸ்டன் ஆர்கனை விட்டு எழுந்து ஆட ஆரம்பித்ததும் கேமராவுக்கு வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. கிட்டார் வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ஜெஸ்ஸி எட் டேவிஸ். ஓக்லஹோமாவின் கயோவா, கமான்சி பழங்குடி வழி வந்தவர். போதைப் பழக்கத்தில் துவண்டிருந்த எரிக் கிளாப்டன் வராமல் போனால் என்ன செய்வது என்று மாற்றாளாக அழைக்கப்பட்டவர். கிளாப்டன் வந்துவிட்டார், டேவிஸும் நின்று வாசித்தார். பின்பாட்டுக் குழுவில் கறுப்பினப் பாடகி கிளாடியா லெனியர். நம் ஊர்க் கல்யாண வீடியோவில் மேளக்காரர்களின் சத்தம் முழுக்கக் கேட்கும், முகம் ஓரத்தில் நாலு நொடி வரும், இல்லையா? அந்தக் கணக்குதான்.

அந்த முகங்களை நடுவில் நிறுத்த வேறு படங்கள் வர வேண்டியிருந்தது. பின்பாட்டுப் பாடகர்களைப் பற்றிய ‘ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’ 2013இல் வந்து ஆஸ்கார் வாங்கியபோது லெனியரைப் பலர் முதன்முறையாகப் பெயரோடு அறிந்தார்கள். அதற்குள் அவர் பாட்டை விட்டு மொழி ஆசிரியராகியிருந்தார். அமெரிக்கப் பழங்குடி ராக் கலைஞர்களைப் பற்றிய ‘ரம்பிள்’ 2017இல் வந்தது. அதைப் பார்க்க டேவிஸ் இல்லை, 1988லேயே இறந்துவிட்டார்.

ஹாரிசன் மறைந்த ஓராண்டில், 2002 நவம்பர் 29 அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அஞ்சலிக் கச்சேரி நடந்தது. டேவிட் லீலண்ட் அதை ‘கான்சர்ட் ஃபார் ஜார்ஜ்’ என்று படமாக்கினார். இசைப் பொறுப்பு கிளாப்டனுக்கு. 1976இல் பர்மிங்ஹாம் மேடையில் குடித்துவிட்டுக் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய அதே கிளாப்டன்! அந்தப் பேச்சுக்குப் பதிலடியாகத்தான் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கமே கிளம்பியது. அதற்காக வெட்கப்படுவதாகப் பின்னாளில் அவர் சொன்னார். இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

இந்த அஞ்சலிக்கென்றே ரவிசங்கர் ‘அர்ப்பண்’ என்ற உருப்படியை அமைத்திருந்தார். இந்திய வாத்தியங்களும் மேற்கத்திய வாத்தியங்களும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி. 1971இல் நடக்காதது இங்கே நடந்தது. நடத்தியவர் ரவிசங்கரின் மகள் அனுஷ்கா சங்கர், அப்போது வயது 21. அவருடைய தாய் சுகன்யா தமிழ்க் குடும்பத்துப் பெண், ஆகவே தம்பி தேடிய ‘நம்ம ஆள்’ கணக்கில் பாதியாவது சேரும். கிளாப்டன் அக்கூஸ்டிக் கிட்டாரோடு அந்தக் குழுவில் ஒருவராக வாசிக்கிறார். எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அனுஷ்கா கை காட்டுகிறார்.

அடுத்த வாரம்: ஜான் மெக்லாக்லினின் கிட்டாரும் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்த ‘சக்தி’.

(தொடரும்)