வங்கியில் பணம், கையில் ராஜினாமா: உதவித்தொகை உண்டா?

பிரிட்டனில் ஒருவர் வேலையைத் தானாக விட்டுவிட்டார் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் இவற்றைக் கேட்கலாம். “நீங்களாகத்தானே விட்டீர்கள், ஒரு பென்னி தரமாட்டான்” என்பது ஒன்று. “பேங்கில் காசை வைத்துக்கொண்டு பெனிஃபிட் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவான்” என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதிதான் உண்மை. அதை முழுசாக நம்பி விண்ணப்பமே போடாமல் இருப்பவருக்குத்தான் நஷ்டம்.

வேலையில்லாதவருக்கு அங்கே இருப்பது ஒரே உதவித்தொகை அல்ல, இரண்டு. நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ் என்பது, சம்பளத்தில் நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியவருக்குத் திரும்பி வரும் காப்பீட்டுப் பணம். அதற்கு வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை; கணவனோ மனைவியோ எவ்வளவு சம்பாதித்தாலும் கணக்கில்லை. யுனிவர்சல் கிரெடிட் அப்படி அல்ல. அது வசதி குறைந்தவருக்கான உதவி. வீட்டு வருமானம், சேமிப்பு எல்லாவற்றையும் துருவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். சேமிப்பு உள்ளவர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

இந்த இரட்டைப் பாதைக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 1911-ம் ஆண்டுச் சட்டம் கட்டடம், கப்பல் கட்டுதல், இரும்பு வார்ப்பு போன்ற சில தொழில்களுக்கு மட்டும் காப்பீட்டைக் கொண்டுவந்தது. வாரத்துக்கு 7 ஷில்லிங், அதிகபட்சம் 15 வாரம். தக்க காரணமில்லாமல் வேலையை விட்டவருக்கு 6 வாரம் பணம் கிடையாது என்ற விதி அந்தச் சட்டத்திலேயே இருந்தது. பிறகு பெரும் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது, 1931-ல் ‘மீன்ஸ் டெஸ்ட்’ என்ற வசதிச் சோதனை வந்தது. அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரிப்பார். மகன் சம்பாதித்தால் அப்பாவின் உதவித்தொகை குறையும். அந்த அவமானத்தின் கசப்பு பிரிட்டிஷ் தொழிலாளர் குடும்பங்களில் வெகுகாலம் ஆறவில்லை. 1942-ல் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் பெவரிட்ஜ், சமூகக் காப்பீடு பற்றிய தன் புகழ்பெற்ற அறிக்கையில் கட்டணம் கட்டியவருக்குச் சோதனையில்லாமல் பணம் தரவேண்டும் என்று வாதாடியதற்குப் பின்னால் இந்தக் கசப்பும் இருந்தது.

யுனிவர்சல் கிரெடிட்டின் சேமிப்பு விதியைப் பார்ப்போம். 6,000 பவுண்ட் வரை இருந்தால் பிரச்சினையே இல்லை. 16,000-ஐத் தாண்டினால் எதுவும் கிடையாது. இடையில் இருப்பவருக்கு, 6,000-க்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்ட் வருமானம் வருவதாக அரசே கற்பனை செய்துகொண்டு அதைக் கழித்துவிடும். மீதி 250-க்குக் குறைவாக இருந்தாலும் முழு 250 ஆகவே எண்ணப்படும். 10,100 பவுண்ட் வைத்திருப்பவருக்கு 17 பங்கு, அதாவது மாதம் 73.95 பவுண்ட் போய்விடும். 25 வயதும் அதற்கு மேலும் உள்ள தனிநபருக்கு 2025-26-ல் அடிப்படைத் தொகையே 400.14 பவுண்ட்தான்.

250-க்கு மாதம் 4.35 என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 21 சதவீத வட்டி! அப்படிக் கொடுக்கும் வங்கி எங்கே இருக்கிறது என்று அரசு சொல்வதில்லை. 2025-26 கணக்கில், சரியாக 16,000 வைத்திருக்கும் அதே தனிநபருக்கு மாதம் 226 பவுண்ட் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு பவுண்ட் ஏறினால் பூஜ்யம். இந்த 6,000, 16,000 வரம்புகள் 2006-லிருந்து வழக்கத்தில் உள்ளவை. விலைவாசி அன்றிருந்த இடத்தில் இல்லை. வரம்புகள் மட்டும் நகரவே இல்லை.

எதெல்லாம் சேமிப்பு? வங்கிக் கணக்கு, ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு, பங்குகள், பிரீமியம் பாண்ட் எல்லாம் சேரும். தம்பதியாக இருந்தால் இருவருடையதும் சேர்த்துத்தான். குடியிருக்கும் வீடு சேராது. பென்ஷன் வயதுக்கு முன், தனியார் பென்ஷன் திட்டத்தில் கிடக்கும் பணமும் சேராது. உடைமைப் பொருட்களையும் சட்டம் மூலதனமாகக் கருதுவதில்லை என்பதால், உதவித்தொகைக்காகவே வாங்கி வைத்தது இல்லை என்றால், தாலிக்கொடியையும் வளையலையும் யாரும் எடை போட மாட்டார்கள். அந்தத் தங்கத்தை விற்று வங்கியில் போட்டால் மறுநாளே அது சேமிப்பு.

ஊரில் இருக்கும் சொத்துதான் பலர் எழுத மறக்கும், அல்லது மறந்ததுபோல் விட்டுவிடும் விஷயம். யாழ்ப்பாணத்தில் ஒரு காணி, தாம்பரத்தில் ஒரு ஃபிளாட் என்றால் அதையும் தெரிவிக்க வேண்டும். சந்தை மதிப்பில் விற்கும் செலவுக்கு 10 சதவீதமும், அதன்மேல் கடன் இருந்தால் அதுவும் போக மீதி கணக்கில் வரும். விற்ற பணத்தை அந்த நாடு வெளியே அனுப்ப விடாது என்றால் மதிப்பிடும் முறை மாறும். பிரிட்டனில் இருக்கும் ஒருவர் அந்தச் சொத்தை என்ன விலைக்கு வாங்குவார் என்று பார்ப்பார்கள். பென்ஷன் வயதை எட்டிய அம்மாவோ அப்பாவோ அங்கே குடியிருந்தால் அந்த வீட்டுக்கு விலக்கு உண்டு. சொல்லாமல் விட்டால்தான் பின்னால் வம்பு.

“அப்படியானால் அண்ணன் கணக்குக்கு மாற்றிவிடலாமே” என்ற யோசனை யாருக்கும் வரும். அதிகாரிகளுக்கும் அது தெரியும். உதவித்தொகை பெறுவதற்காகவே பணத்தைக் கைமாற்றினால், அது இன்னும் உங்களிடமே இருப்பதாக வைத்துக் கணக்கிடுவார்கள். கிரெடிட் கார்டு கடனை அடைத்தாலோ, நியாயமான தேவைக்குச் செலவழித்தாலோ அந்தக் குற்றச்சாட்டு வராது. ரசீதுகளை எறியாமல் வைத்திருப்பது நல்லது.

காப்பீட்டுப் பாதைக்கு வருவோம். 25 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 2025-26-ல் வாரம் 92.05 பவுண்ட், அதிகபட்சம் 182 நாள். மொத்தமாக 26 வாரத்துக்கு 2,393 பவுண்ட். வங்கியில் 28,000 பவுண்ட் வைத்திருப்பவருக்கு யுனிவர்சல் கிரெடிட் கிடையாது; இது உண்டு. நிபந்தனை, குறிப்பிட்ட இரண்டு வரி ஆண்டுகளுக்கான நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவு. சொந்தத் தொழில் செய்பவர் கட்டும் கட்டணம் பொதுவாகச் செல்லாது. விசித்திரமாக, பிடித்த மீனில் பங்கு வாங்கும் மீனவருக்குத் தனிச் சலுகை உண்டு.

எந்த இரண்டு ஆண்டுகள் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமையோடு கணக்கு மாறிவிடும். 2025 டிசம்பரில் விண்ணப்பித்தால் பார்ப்பது 2022-23, 2023-24. சில வாரம் கழித்து 2026 ஜனவரி நடுவில் விண்ணப்பித்தால் 2023-24, 2024-25. 2023 ஏப்ரல் மாதக் கடைசியில் லண்டனில் முதல் வேலையில் சேர்ந்து, இடையில் நிற்காமல் உழைத்தவர் டிசம்பரில் கேட்டால் இல்லை என்பார்கள். ஜனவரியில் கேட்டால் தகுதி உண்டு. ஆள் அதேதான், வேலையும் அதேதான்.

இனி ராஜினாமா. இங்கே இரண்டு பாதைகளும் ஒன்றுசேர்கின்றன. தானாக வேலையை விட்டவரை நிரந்தரமாக ஒதுக்குவதில்லை. ‘சாங்ஷன்’ என்ற தண்டனைக் காலம் விதிப்பார்கள். முதல் தடவை என்றால் 91 நாள் வரை. ஓராண்டுக்குள் இதே ரகக் குற்றம் மறுபடி நடந்தால் 182 நாள். ஒரு காலத்தில் மூன்று வருடம் வரை நிறுத்தும் விதிகூட இருந்தது. 2019-ல் அதை நீக்கினார்கள். யுனிவர்சல் கிரெடிட்டில் தனிநபரின் அடிப்படைத் தொகை தண்டனைக் காலத்தில் நின்றுவிடும், வாடகைக்கான பங்கு நிற்காது. சாப்பாட்டுக்கே வழியில்லை என்றால் அவசரப் பணம் கேட்கலாம். ஆனால் அது பின்னால் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

‘தக்க காரணம்’ இருந்தால் தண்டனையே இல்லை. எது தக்க காரணம் என்று சட்டத்தில் பட்டியல் இல்லாததால், முடிவெடுக்கும் அதிகாரி ஒவ்வொரு கதையையும் தனியாகக் கேட்க வேண்டும். மேலாளரின் தொல்லை, பாலியல் சீண்டல், ஆபத்தான வேலைச் சூழல், வீட்டில் வன்முறைக்குப் பயந்து ஊர் மாறியது போன்றவை எடுபடும். ஆனால் “சகிக்க முடியவில்லை” என்று ஒரு வரி எழுதினால் போதாது. விடுவதற்கு முன் புகார் கொடுத்தீர்களா, வேறு பிரிவுக்கு மாற்றச் சொன்னீர்களா, இன்னொரு வேலை தேடினீர்களா என்று கேட்பார்கள். பழைய முதலாளியிடமும் விசாரிப்பார்கள். தேதியோடு ஒரு மின்னஞ்சல், டாக்டர் கொடுத்த ஒரு குறிப்பு, நேரில் பார்த்த சகஊழியரின் நாலு வரி ஆகியவைதான் அங்கே பேசும். ஆள்குறைப்பின்போது “நான் போகிறேன்” என்று தானே முன்வந்தவரை ராஜினாமா செய்தவராகக் கருதுவதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

வேலையை விட்ட நாளுக்கும் விண்ணப்பித்த நாளுக்கும் நடுவே உள்ள நாட்களைத் தண்டனையிலிருந்து கழித்துக்கொள்வார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் விட்டவர் நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்தால், 91-ல் 30 நாள் சொச்சம்தான் மிஞ்சும். காப்பீட்டுப் பணத்தில் தண்டனை நாட்களும் அந்த 182 நாளுக்குள்ளேயே கரைவதால், அவசரப்பட்டவர் பாதிப் பணத்தை இழக்க, சேமிப்பைச் சாப்பிட்டபடி இரண்டு மாதம் பொறுத்தவருக்கு அதிகம் மிஞ்சுகிறது. தக்க காரணமும் அதற்கு ஆதாரமும் வைத்திருப்பவர் இப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை.

முடிவு பாதகமாக வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் தோற்றால், பதில் வந்த ஒரு மாதத்துக்குள் சுதந்திரமான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. சேமிப்போ சாங்ஷனோ பணத்தைத் தடுத்தாலும், வேலை தேடிக்கொண்டிருக்கும் வாரங்களுக்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் கிரெடிட்டாவது பதிவாக வழியுண்டா என்று ஜாப் சென்டரில் கேட்டுவைக்கலாம். முழு அரசு பென்ஷனுக்குப் பொதுவாக 35 வருடப் பதிவு வேண்டும், கிரெடிட் பதிவானால் அதில் அந்த வாரங்களும் சேரும்.