சக்கரத்துக்கு ஒரு சாவி

மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் காவிரி டெல்டாவில் சைக்கிள்களுக்கும் சோதனைக் காலம்தான். டிராக்டர் தடம் பதிந்த வாய்க்கால் கரையில், கேரியரில் உரமூட்டையோடு பள்ளத்தில் இறங்கி ஏறினால் பின்சக்கரத்தில் கோட்டம் விழாமல் என்ன செய்யும்? ராடு பிரேக் வைத்த பெரிய சைக்கிள்களில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி போட்டதே இந்தப் பாரத்துக்காகத்தான். ஆனால் பெண்டு எடுத்துத் தந்த கடைகள் பல இன்று பைக் பட்டறைகளாகிவிட்டன. வீட்டிலேயே எடுக்கப் பழகுவது நல்லது.

அதற்கு முதலில் வேண்டியது ஸ்போக் சாவி. கடையில் கேட்டால் சுற்றிலும் பல வெட்டுகள் உள்ள வட்டச் சாவியைத் தருவார்கள். எல்லா அளவுக்கும் ஆகும் என்பார்கள். அதை வாங்காதீர்கள். கம்பியை ரிம்மோடு பிடித்திருக்கும் திருகான நிப்பிளின் சதுர முகம் 3.2, 3.3, 3.45 மில்லிமீட்டர் என்று மயிரிழை வித்தியாசத்தில் வருகிறது. தடித்த கம்பிக்கு இன்னும் பெரியது. தளர்வாகப் பிடிக்கும் சாவி நிப்பிளின் மூலையை மழுக்கிவிடும். மழுங்கிய நிப்பிளை எந்தச் சாவியும் சரியாகப் பிடிக்காது. பல நேரம் கம்பியையே வெட்டி எடுக்க வேண்டிவரும். சைக்கிளையே கடைக்கு ஓட்டிப் போய், நிப்பிளில் மாட்டிப் பார்த்து, ஆட்டம் இல்லாத ஒற்றை அளவுச் சாவியாக வாங்குங்கள். வயல்காட்டு ஈரத்தில் நிப்பிள் துருப்பிடித்திருக்கும். முதல் நாள் இரவே ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

பெண்டு எடுக்கும் ஸ்டாண்டு தேவையில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அதுவே ஸ்டாண்டு. ராடு பிரேக்கில் கட்டை ரிம்மின் உட்புறம் பிடிப்பதால் பக்கவாட்டுக் கோட்டத்தை அது காட்டாது. தென்னந் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அதன் நுனி ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி முன்சக்கரமானால் ஃபோர்க்கில், பின்சக்கரமானால் ஃபிரேமில் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். சக்கரத்தைச் சுற்றினால் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். ரிம் வலப்பக்கம் சாய்ந்தால், அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். டயர் பக்கமிருந்து பார்த்து வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். கம்பியின் மரை அவ்வளவு நெருக்கமானது: முழுச் சுற்றுக்கே அரை மில்லிமீட்டர்கூட நகராது. அதனால் அவசரம் கூடாது.

இதைப் பள்ளியிலேயே கற்றுத்தரலாம். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அரசின் இலவச சைக்கிள், பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்தது. இப்படிக் கிடைக்கும் புதுச் சைக்கிளின் சக்கரத்தில் கம்பிகள் முதல் சில வாரங்களில் அமர்ந்து தளரும்; அப்போது ஒருமுறை இறுக்கினால் பின்னால் பல கோட்டங்களைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு பள்ளிச் சைக்கிளோடும் பொருத்தமான ஒரு சாவியையும் கொடுத்து, ஒரு பிற்பகல் செலவிட்டு பெண்டு எடுக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். ஓட்டத் தெரிந்த பெண்ணுக்கு இதுவும் கைவரும்.

ரிம்மே நெளிந்துபோனால் சாவியால் பயனில்லை. ஃப்ரீவீல் பக்கம் கம்பி அறுந்தால், ஃப்ரீவீலைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். இந்த இரண்டுக்கு மட்டும் சக்கரத்தைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள்.